நான்கு நிமிட மௌனம்

என் தொழிலில் அமைதிக்கு இடமில்லை. வானொலி நிலையத்தில் ஒலிபரப்பு சில விநாடி நின்றாலே கண்டுபிடித்து எச்சரிக்கும் கருவி உண்டு. சிவப்பு விளக்கு எரியும், பொறியாளர் ஓடி வருவார், மறுநாள் காலைக் கூட்டத்தில் விளக்கம் சொல்ல வேண்டும். பத்து வருடங்களாக மைக் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து, லிஃப்டில் இரண்டு மாடி யாரும் பேசாமல் போனாலே எனக்குக் கை பதறும். "இன்னைக்கு நல்ல மழை இல்ல?" என்று முன்பின் தெரியாதவரிடம் ஆரம்பித்துவிடுவேன்.

அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன் என்றால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. "உன்னால முடியுதா?" என்று அம்மா இன்னமும் கேட்கிறார். முடிகிறது. காரணம், சதுரங்கம்.

நான் பெரிய ஆட்டக்காரி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சதுரங்கத்தில் ஆட்டக்காரர்களின் பலத்தை ஈலோ புள்ளிகளால் அளக்கிறார்கள். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் ஈலோ வகுத்த முறை அது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் அதை ஏற்றுக்கொண்டது. உச்சத்தில் இருப்பவர்கள் 2700, 2800 என்று நிற்பார்கள். நான் 1480. எங்கள் லீக்கில் ஆடுபவர்கள் பெரும்பாலும் 1300-க்கும் 1700-க்கும் நடுவில்தான். கணக்காளர், தாதி, பள்ளிப் பையன், ஓய்வு பெற்றவர் என்று எல்லாரும் உண்டு. யாரும் பரிசுப் பணத்துக்காக வருவதில்லை. பரிசுப் பணம் என்று ஒன்று இருந்தால்தானே?

ஒரு குழுவுக்கு நான்கு பேர். நான்கு பலகைகள். வென்றால் 1 புள்ளி, சமநிலை என்றால் ½. நான் மூன்றாவது பலகை. நான்காவது பலகையில் எங்கள் குழுவின் கடைக்குட்டி, உயர்நிலை ஒன்றில் படிக்கும் பையன். தாத்தா கூட்டி வந்து விட்டுவிட்டுப் பக்கத்துக் காப்பிக்கடையில் காத்திருப்பார். எங்கள் எல்லாரையும்விட அவன் நன்றாக ஆடுவான். இன்னும் இரண்டு வருடத்தில் முதல் பலகைக்குப் போய்விடுவான் என்று எங்கள் குழுத் தலைவர் அண்ணன் பெருமையும் வருத்தமும் கலந்து சொல்வார். முதல் பலகை அவருடையது.

போன பருவத்தின் கடைசிச் சுற்றைப் பற்றித்தான் இன்று எழுத வந்தேன். அந்தச் சுற்றில் 2½ புள்ளி எடுத்தால் நாங்கள் மேல் பிரிவுக்குப் போவோம். 2-2 என்றால் இருக்கிற இடத்திலேயே இருப்போம். குழு தொடங்கியதிலிருந்து மேல் பிரிவு என்பது எங்களுக்கு மாடிப்படி இல்லாத மாடி.

மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம். ஆளுக்கு 60 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி கூடுதல். எனக்கு எதிரே உட்கார்ந்தவர் அறுபதை நெருங்கும் ஓர் அங்கிள். பாதுகாவலர் வேலை. இரவு முழுக்கக் காவல் பார்த்துவிட்டு, நான்கு மணி நேரம் தூங்கி எழுந்து நேராக வந்திருப்பதாகக் கைகுலுக்கும்போது சொன்னார். 1650 புள்ளி. என்னைவிட 170 கூடுதல். 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் பலசாலிக்குச் சராசரியாக நான்கில் மூன்று பங்கு புள்ளி போகும் என்பது ஈலோ கணக்கு. ஏறக்குறைய அந்த நிலைமைதான் எனக்கு.

வெள்ளை எனக்கு. இத்தாலியத் தொடக்கம் ஆடினேன். ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, குதிரையை எடுத்து, மந்திரியைக் குறுக்கே நீட்டுகிற பழைய வழி. எனக்கு அது காலை நிகழ்ச்சியின் அறிமுகம் மாதிரி, தூக்கத்திலும் வரும். இருபதாவது நகர்த்தல் வாக்கில் அங்கிள் ஒரு கொட்டாவி விட்டார். அடுத்த நகர்த்தலில் ஒரு சிப்பாயைப் பாதுகாப்பில்லாமல் விட்டார். எடுத்துக்கொண்டேன். தூக்கமில்லாத மனிதரிடம் பறிக்கிறோமே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஆட்டம் ஆட்டம்தானே!

நான்கு மணிக்குச் சற்று முன், மற்ற மூன்று பலகைகளும் முடிந்துவிட்டன. அண்ணன் தோற்றுவிட்டார். இரண்டாவது பலகை சமநிலை. கடைக்குட்டி வென்றுவிட்டான். 1½-1½. என் ஆட்டம் மட்டும் மிச்சம்.

பலகையில் எனக்கு ராஜா, ஒரு யானை, இரண்டு சிப்பாய். அங்கிளுக்கு ராஜா, ஒரு யானை, ஒரு சிப்பாய். என் கடிகாரத்தில் 11 நிமிடம். அவர் கடிகாரத்தில் 8. வெல்ல எனக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். என் வலது தோளுக்குப் பின்னால் கடைக்குட்டி மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

அங்கிள் யானையை நகர்த்தினார். தாளில் குறித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து டிஷ்யூ எடுத்துத் துடைத்தார். மாட்டிக்கொண்டார். இரண்டு கையாலும் கன்னத்தைத் தாங்கிப் பலகையைப் பார்க்க ஆரம்பித்தார்.

கடிகாரத்தை அழுத்தவில்லை.

சதுரங்கக் கடிகாரம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஒரே பெட்டியில் இரண்டு கடிகாரம். நகர்த்திய கையாலேயே என் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் என் நேரம் நிற்கும், உங்கள் நேரம் ஓடும். அழுத்த மறந்தால், காய் நகர்த்தியிருந்தாலும், என் நேரம்தான் கரையும். 1851-இல் லண்டனில் நடந்த முதல் அனைத்துலகப் போட்டியில் கடிகாரமே கிடையாது, யார் எவ்வளவு நேரம் யோசித்தாலும் எதிரே இருப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பிறகு மணற்கடிகாரம் வந்தது. 1883-இல் அதே லண்டனில் இரட்டைக் கடிகாரம் வந்தது. நகர்த்தலுக்கு நகர்த்தல் சில விநாடி கூடுதலாகக் கொடுக்கும் இன்றைய முறை, பாபி ஃபிஷர் 1980களின் இறுதியில் காப்புரிமை பெற்ற யோசனை. கடைசி நேரத்தில் காய்களைத் தட்டிவிட்டு ஓடுகிற அவமானத்திலிருந்து ஆட்டக்காரரைக் காப்பாற்ற வந்தது அது. ஆனால் பொத்தானை அழுத்த மறப்பவரைக் காப்பாற்ற ஃபிஷராலும் முடியவில்லை.

அங்கிளின் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. 7:40. 7:20.

நான் யோசிப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் பலகையைப் பற்றி இல்லை.

விதி என்ன சொல்கிறது? நகர்த்திய பிறகு கடிகாரத்தை அழுத்துவது நகர்த்தியவரின் பொறுப்பு. எதிராளி நினைவூட்ட வேண்டும் என்று எங்கும் இல்லை. அது மட்டுமில்லை, இந்த விஷயத்தில் நடுவர்கூட வாய் திறக்கக்கூடாது. ஓர் ஆட்டக்காரர் கடிகாரத்தை அழுத்தவில்லை என்பதை நடுவர் அவருக்குத் தெரிவிக்கக்கூடாது என்று உலகக் கூட்டமைப்பின் விதியிலேயே இருக்கிறது. வேடிக்கை பார்ப்பவர்களும் சொல்லக்கூடாது, குழு நண்பர்களும் சொல்லக்கூடாது. அந்த அறையில் இருந்த அத்தனை பேரில் அதைச் சொல்ல உரிமை உள்ள ஒரே ஆள் நான்தான். சொல்லாமல் இருக்கவும் எனக்கு உரிமை உண்டு.

6:30.

எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து வாதாட ஆரம்பித்தார். 'நீ ஏமாற்றவில்லையே. அவர் கடிகாரம், அவர் கை. உன்னைவிட 170 புள்ளி கூடியவர், அவருக்கு நீ பாடம் எடுக்க வேண்டுமா? இது உன் ஆட்டம் மட்டும் இல்லை, குழுவின் ஆட்டம். உன் தாராள மனசுக்கு அந்தப் பையன் எடுத்த புள்ளியைப் பலி கொடுப்பாயா? அவர் இடத்தில் நீ இருந்தால் அவர் சொல்வாரா?'

நல்ல வக்கீல். ஒரு வாதத்துக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் என் கண் பலகையில் நிற்கவில்லை. கடிகாரத்துக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது.

5:15. 4:50.

ஒன்று சொல்கிறேன், நேயர்களிடம் பேசிப் பழகிய உரிமையில். வாழ்க்கையில் பொய் சொல்கிற சந்தர்ப்பங்கள் நமக்கு ரொம்ப வருவதில்லை. சொல்லாமல் இருக்கிற சந்தர்ப்பங்கள்தான் தினமும் வருகின்றன. உணவங்காடியில் கடைக்காரர் இரண்டு வெள்ளி கூடுதலாக மீதி கொடுக்கிறார். அலுவலகக் கூட்டத்தில் மேலாளர், பக்கத்து மேசைத் தோழியின் யோசனையை நம்முடையது என்று நினைத்துப் பாராட்டுகிறார். பொது அரட்டைக் குழுவில் ஒருவர் தப்பான தேதியைப் போட்டிருக்கிறார், அவர் வராவிட்டால் நமக்குத்தான் வசதி. எதிலும் நாம் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். வாயைத் திறந்தே சம்பாதிக்கிற எனக்கு, மூடிய வாயால் இவ்வளவு லாபம் பார்க்க முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

4:10 இருக்கும். என் கண் மறுபடியும் கடிகாரத்துக்குப் போனது. அங்கிள் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். தன் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பொத்தானை அழுத்தினார்.

ஏறக்குறைய நான்கு நிமிடம். வானொலியில் நான்கு நிமிட மௌனம் என்றால் எனக்கு வேலையே போயிருக்கும்.

என் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. எனக்கு 11 நிமிடம், அவருக்கு 4. இந்த இடத்தில் நான் செய்ததைச் சதுரங்கம் ஆடும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்ல விரும்புகிறேன். எதிராளிக்கு நேர நெருக்கடி வந்ததும் நானும் வேகமாக ஆட ஆரம்பித்தேன். அவர் யோசிக்க முடியாமல் திணற வேண்டும், என் நேரத்தில்கூட அவர் யோசிக்கக்கூடாது என்று ஒரு வெறி. கையில் 11 நிமிடம் வைத்துக்கொண்டு ஐந்து விநாடியில் நகர்த்தினேன். நான்கு நிமிடத்தை எடுத்துக்கொண்டேன் இல்லையா, அதைச் சீக்கிரம் செலவு செய்துவிட வேண்டும் என்கிற அவசரம். வழியில் கண்டெடுத்த காசை நாம் சேமித்து வைப்பதில்லையே, அந்த மாதிரி.

அந்த அவசரத்தில் ஒரு சிப்பாயைக் கொடுத்து ஒரு சிப்பாயை எடுத்தேன். பார்க்க லாபம் மாதிரி இருந்தது. இப்போது எனக்கு ஒரு சிப்பாய், அவருக்கு ஒன்றுமே இல்லை. மேசையைச் சுற்றி லேசான சலசலப்பு. எல்லாரும் நான் வென்றுவிட்டதாக நினைத்தார்கள். நானும்தான்.

முன்னிலையில் இருக்கும்போது பெரிய காய்களை மாற்றிக்கொள், சிப்பாய்களை மாற்றிக்கொள்ளாதே என்பது எங்களுக்கெல்லாம் முதல் வருடத்தில் சொல்லித்தரும் பாடம். எந்தக் காயை எப்போது மாற்றுகிறோம் என்பதில்தான் கடைசிக் கட்ட ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. 2024 டிசம்பர் 12, நம் செந்தோசாவில் நடந்ததே, நினைவிருக்கிறதா? உலக வெற்றியாளர் போட்டியின் 14-ஆவது ஆட்டம். 6½-6½ என்று சமமாக நின்ற நிலையில், வெள்ளைக் காய்களோடு ஆடிய டிங் லிரென் 55-ஆவது நகர்த்தலில் யானையை மாற்றிக்கொள்ளலாம் என்று நீட்டினார். சமநிலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டம். சென்னைப் பையன் குகேஷ் யானையை எடுத்தார், அடுத்து மந்திரிகளையும் மாற்ற வைத்தார். மிஞ்சிய சிப்பாய் ஆட்டத்தில் டிங்குக்கு வழியில்லை. 18 வயதில் உலக வெற்றியாளர். உலகத்தின் உச்சியில் இருப்பவருக்கே ஒரு மாற்றத்தில் சறுக்கும். 1480-க்குச் சறுக்காதா?

அங்கிளுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. ஆனால் அவர் கை பதறவில்லை. தன் ராஜாவை என் சிப்பாயின் பாதையில், கடைசிக் கட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார். யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் நிறுத்தினார். என் ராஜா அந்த வரிசையைத் தாண்டிக் கால் வைக்க முடியாது. நான் சுற்றிச் சுற்றி வந்தேன். அவர் யானையை அதே வரிசையில் இங்கும் அங்கும் நடத்தினார், காவலுக்கு நடக்கிற மாதிரி. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஃபிஷரின் 10 விநாடி அவருக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. இந்த முறை ஒரு தடவைகூடப் பொத்தானை மறக்கவில்லை.

வேறு வழியில்லாமல் சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளினேன். அந்த நொடிக்குத்தான் அவர் காத்திருந்தார். யானை பலகையின் மறுகோடிக்கு, என் முதல் வரிசைக்குப் பறந்தது. அங்கிருந்து செக். ராஜாவை நகர்த்தினேன். செக். மறுபடி செக். என் ராஜா ஒதுங்க நிழலே இல்லை. ஒளிந்திருக்க வேண்டிய இடத்துக்கு நானே சிப்பாயை அனுப்பிவிட்டேன்.

பிலிடோர் நிலை என்று இதற்குப் பெயர். பிரான்சுவா-அந்த்ரே பிலிடோர் என்கிற பிரெஞ்சுக்காரர் 1777-இல் தன் நூலின் புதிய பதிப்பில் எழுதி வைத்தது. அவர் இசையமைப்பாளரும்கூட, ஓபெராக்கள் எழுதியவர். இருநூற்று ஐம்பது வருடங்களுக்கு முன்னால் ஓர் இசைக்காரர் எழுதியதை வைத்து ஒரு பாதுகாவலர் ஒரு வானொலிக்காரியை மடக்கிவிட்டார்.

கை நீட்டினேன். சமநிலை. 2-2. மேல் பிரிவு இன்னொரு வருடம் தள்ளிப் போனது.

அண்ணன் தோளைத் தட்டி, "பரவாயில்லம்மா" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் ரொம்பப் பட்டது. கடைக்குட்டி ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் கீழே காப்பிக்கடைக்குப் போவது வழக்கம். அங்கிள் என் எதிரே வந்து உட்கார்ந்தார். ஒரு 'கோப்பி ஓ கோசோங்' சொன்னார். சட்டைப் பையிலிருந்து சிறிய காந்தப் பலகையை எடுத்து, காய்களை அடுக்கினார். "இந்த இடத்துலதான் நீ விட்டேம்மா. சிப்பாயை மாத்தியிருக்கக் கூடாது. ரெண்டையும் வச்சுக்கிட்டு நிதானமா ராஜாவைக் கொண்டு வந்திருந்தா எனக்கு ரொம்பக் கஷ்டம்" என்றார்.

என்னால் அடக்க முடியவில்லை. "அங்கிள், ஒண்ணு சொல்லணும். நீங்க கடிகாரத்தை அழுத்தலன்னு எனக்கு முதல்லயே தெரியும்" என்றேன்.

அவர் சிரித்தார். "தெரியும்மா. எப்படி எனக்கு ஞாபகம் வந்துச்சுன்னு நினைக்கிற? உன் கண்ணுதான். போயிட்டுப் போயிட்டு வந்துச்சு. சரி, இந்தப் பொண்ணு அப்படி எதைப் பார்க்குதுன்னு நானும் பார்த்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "விதிப்படி தப்பே இல்ல. நான்தான் அழுத்தணும். காவல் வேலையில தூங்கிட்டு, எவனும் எழுப்பலன்னு சொல்ல முடியுமா?" என்றார்.

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ரயில் நிலையம் வரை கடைக்குட்டியும் அவன் தாத்தாவும் கூட வந்தார்கள். தாத்தா முன்னால் நடந்தார். பையன் மெல்லக் கேட்டான், "அக்கா, அந்த அங்கிள் அழுத்தலன்னு நானும் பார்த்தேன். நான் சொல்லக்கூடாதுன்னு ரூல். நீங்க சொல்லலாம்ல?"

"சொல்லலாம்."

"சொல்லணுமா?"

பதிமூன்று வயதுப் பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு முன்னால் ஊடகப் பட்டம் எதற்கும் உதவாது. "சொல்லணும்னு ரூல் இல்ல. ஆனா சொல்லியிருந்தா நான் நிதானமா ஆடியிருப்பேன்னு தோணுது" என்றேன். அது உண்மை. அன்றைக்கு அந்த நான்கு நிமிடத்தால் நேரம் குறைந்தது அவருக்கு, நிதானம் குறைந்தது எனக்கு. அதற்காக, சொல்லியிருந்தால் வென்றிருப்பேன் என்று சாதிக்க மாட்டேன். நல்லது செய்தால் உடனே நல்லது நடக்கும் என்று கதை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஏன் என்று கடைசிப் பத்தியில் தெரியும்.

இந்தப் பருவம் தொடங்கிவிட்டது. போன வாரம் முதல் சுற்று. எனக்கு எதிரே கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி. பன்னிரண்டாவது நகர்த்தலில் குதிரையை வைத்துவிட்டு, கடிகாரத்தை அழுத்தாமல் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். என் வக்கீல் எழுந்திருக்க முயன்றார், நான் விடவில்லை. விரலால் கடிகாரத்தைக் காட்டினேன். "தேங்க்ஸ்கா" என்று முணுமுணுத்துவிட்டு அழுத்தினான். பிறகு இருபத்தெட்டாவது நகர்த்தலில் என்னைத் தோற்கடித்தான். அடுத்த பலகையில் இருந்த கடைக்குட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். நான் எழுந்து போகும்போது நிமிர்ந்து ஒரு சின்னச் சிரிப்பு சிரித்துவிட்டு, தன் காயை நகர்த்தினான். மறக்காமல் கடிகாரத்தை அழுத்தினான்.